சூரியனைப் பார்க்க ஒரு வடிகட்டி: வாங்க வேண்டியதும் வீட்டில் செய்ய வேண்டியதும்

வானத்தைக் கவனிக்கத் தொடங்குபவர்களுக்குச் சூரியனைப்போல் வசதியான பொருள் வேறில்லை. இரவில் கண் விழிக்க வேண்டாம். நகர வெளிச்சத்துக்கு அஞ்சி ஊருக்கு வெளியே போக வேண்டாம். மொட்டை மாடியில் நின்று, பகல் பத்து மணிக்குக் குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கலாம். பெரிய சூரியப் புள்ளிகளைத் தொலைநோக்கி இல்லாமலே காணலாம். ஆனால் வானில் கண்ணைப் பறிக்கக்கூடிய பொருளும் இது ஒன்றுதான். ஆகவே கண்ணுக்கும் சூரியனுக்கும் நடுவே நம்பகமான ஒரு வடிகட்டி வேண்டும்.

இந்த அத்தியாயம் அந்த வடிகட்டியை வீட்டில் எப்படிச் செய்வது என்று சொல்கிறது. செய்முறைக்குப் போகும் முன் ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: சட்டத்தை வீட்டில் செய்யலாம், ஒளியைத் தடுக்கும் படலத்தை வீட்டில் செய்யக் கூடாது. அட்டை, பசை, டேப், கைவேலை எல்லாம் உங்களுடையவை. படலமோ கண்ணாடியோ இந்த வேலைக்கென்று அளந்து தயாரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பின்வரும் பக்கங்கள் முழுவதும் இந்த ஒரு விதியின் விளக்கமே.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரித்த அனுபவம் பலருக்கு உண்டு. கண்ணின் முன்பகுதியும் அப்படிப்பட்ட ஒரு வில்லைதான். அது சூரியனின் உருவத்தைப் பின்னால் உள்ள விழித்திரையில் சுமார் 0.16 மில்லிமீட்டர் அகலப் பொட்டாகக் குவிக்கிறது. நேராகப் பார்க்கும்போது அந்தப் பொட்டு விழுமிடம், எழுத்து படிக்கவும் முகங்களை அடையாளம் காணவும் நாம் பயன்படுத்தும் நடுப்பகுதி.

அங்கே ஏற்படும் சேதத்தில் பெரும்பங்கு நீல ஒளியின் வேதிவினையால் வருவது. அகச்சிவப்பின் வெப்பமும் சேர்ந்தால் சேதம் கூடும். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒன்றுமே ஆகாததுபோல் இருக்கும். சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோதான் பார்வையின் நடுவில் மங்கலும் கரும்பொட்டும் தெரியும், நேர்கோடுகள் நெளியும். சிலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ ஓரளவு குணமாகும். சிலருக்குக் குறை நிரந்தரமாகத் தங்கிவிடும். இதைச் சரிசெய்ய உறுதியான சிகிச்சை கிடையாது. “ரெண்டு நிமிஷம் பார்த்தேன், கண் எரியவே இல்லையே” என்பது பாதுகாப்புக்குச் சாட்சி ஆகாது.

எவ்வளவு ஒளி வரலாம்?

நேராகச் சூரியனைப் பார்க்கும் கண்ணாடிகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற சர்வதேசத் தரம் 2015-இல் வெளியானது. அதன்படி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 0.0032 விழுக்காட்டுக்கு மேல் வடிகட்டி வழியே வரக் கூடாது. அதாவது ஒரு லட்சம் பங்கில் மூன்று பங்கு. புற ஊதாவுக்கும் அகச்சிவப்புக்கும் தனித்தனி வரம்புகள் உள்ளன. கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டும்தான் வீட்டுச் சரக்குகளை ஆபத்தாக்குகின்றன. ஒரு பொருள் கறுப்பாகத் தெரிந்தால் அது தெரியும் ஒளியைத் தடுக்கிறது என்பது மட்டுமே உறுதி. அகச்சிவப்பைத் தாராளமாக விட்டுக்கொண்டிருக்கலாம்.

0.0032 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், காலங்காலமாகப் புழங்கும் யோசனைகளை நீங்களே எடைபோட முடியும்.

ஒதுக்க வேண்டிய பொருட்கள்

கூலிங் கிளாஸ்: நல்ல கறுப்புக் கண்ணாடிகூடச் சுமார் 10 விழுக்காடு ஒளியை விடும். அது வரம்பைப்போல் மூவாயிரம் மடங்கு. மூன்று கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் 0.1 விழுக்காடு வரும். அதுவும் முப்பது மடங்கு அதிகம்.

மஞ்சள் நீர், சாணி கரைத்த தண்ணீர்: தட்டிலோ வாளியிலோ கரைத்து வைத்து, அதில் தெரியும் சூரியனைப் பார்ப்பது நம் ஊர்களில் பழைய வழக்கம். சூரியன் உச்சியில் இருக்கும்போது நீர்ப்பரப்பு ஏறத்தாழ 2 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். கேட்கக் குறைவாக இருக்கும். ஆனால் அது வரம்பைவிட அறுநூறு மடங்கு அதிகம். சூரியன் சாயச் சாய, நீர் திருப்பும் ஒளி இன்னும் கூடும். மஞ்சளோ சாணியோ நீருக்குள் போகும் ஒளியை விழுங்குமே தவிர, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைக் குறைக்காது. நேராகப் பார்க்காமல் பிம்பத்தைப் பார்த்தால் கேடில்லை என்ற எண்ணத்துக்கு ஐசக் நியூட்டனே விலை கொடுத்தவர். இளமையில் முகம் பார்க்கும் கண்ணாடியில் சூரியனைப் பார்த்துச் சோதனை செய்தார். அதன் பிறகு பார்வை தெளிவதற்காக நாள்கணக்கில் இருட்டறையில் அடைந்து கிடந்ததாக 1691-இல் ஜான் லாக்குக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்.

எக்ஸ்ரே படம்: தமிழ்நாட்டில் கிரகண நாளன்று முதலில் தேடப்படுவது இதுதான். ஒரே படத்தில் ஓர் இடம் அடர்த்தியாகவும் பக்கத்து இடம் வெளிறியும் இருக்கும். படம் எந்த முறையில் அச்சானது, எவ்வளவு ஒளியை விடும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. இரண்டாக மடித்தாலும் இந்தக் குறை போகாது.

பழைய ஃபிலிம் சுருள்: முழுக்க வெளிச்சம் பட்டுக் கழுவப்பட்ட கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளித் துகள் இருந்த காலத்தில் அதை இரண்டடுக்காகப் பயன்படுத்தச் சொன்னவர்கள் உண்டு. கலர் ஃபிலிமிலும், கலர் முறையில் கழுவப்படும் கறுப்பு வெள்ளை ஃபிலிமிலும் கடைசியில் எஞ்சுவது சாயம் மட்டுமே. அந்தச் சாயம் அகச்சிவப்பைத் தடுக்காது. கையில் இருக்கும் சுருள் எந்த வகை என்று பார்த்து அறிய முடியாததால் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

புகை பிடித்த கண்ணாடி, சி.டி., சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளித் தாள், ஃப்ளாப்பி டிஸ்க்கின் உள்தகடு: கரிப் பூச்சு ஒரே சீராகப் படியாது, விரல் பட்டால் வழியும். சி.டி.யிலும் பாக்கெட்டிலும் உள்ள உலோகப் பூச்சு வேறு வேலைக்கானது. அதன் தடிமன் பொருளுக்குப் பொருள் மாறும்.

வாங்கத் தகுந்த பொருட்கள்

மூன்றே வகைகள்.

முதலாவது, கிரகணக் கண்ணாடி. அட்டைச் சட்டத்தில் கறுப்புப் படலம் ஒட்டியது. கிரகணம் நெருங்கும்போது கோளரங்கங்களும் அறிவியல் இயக்கங்களும் மலிவாகத் தருவதுண்டு. இதில் தரக் குறியீட்டு எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதையும் மறக்காதீர்கள். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் நடப்பதற்கு முன் போலிக் கண்ணாடிகள் இணையத்தில் ஏராளமாக விற்பனையாகிப் பிறகு திரும்பப் பெறப்பட்டன. அச்சைவிட, யாரிடம் வாங்குகிறோம் என்பதே முக்கியம்.

இரண்டாவது, சூரியப் படலத் தாள். மெல்லிய பாலிமர் தாளின் இரு பக்கமும் உலோகப் பூச்சு ஏற்றியது, அல்லது கரித்துகள் கலந்த கறுப்புப் பாலிமர். வானியல் கருவிகள் விற்பவர்களிடம் கிடைக்கும். வாங்கும்போது அடர்த்தி எண்ணைக் கேளுங்கள். அடர்த்தி 5 என்றால் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு ஒளி வரும். கண்ணால் பார்க்க இதுதான் வேண்டும். ஜெர்மனியின் பாடர் நிறுவனப் படலம் அடர்த்தி 5, அடர்த்தி 3.8 என இரண்டு விதமாக வருகிறது. 3.8 கேமராவுக்கு மட்டும். அது ஏறத்தாழ ஆறாயிரத்தில் ஒரு பங்கை விடும். அதை வைத்துக் கண்ணால் பார்க்கக் கூடாது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் உறையிலேயே எழுதி வையுங்கள்.

மூன்றாவது, வெல்டிங் கண்ணாடி. சிறு நகரங்களிலும் கிடைக்கும், விலை குறைவு, கீறல் எளிதில் விழாது. கண்ணாடியின் மூலையில் ஷேடு நம்பர் பொறித்திருக்கும். எண் கூடக் கூட இருள் கூடும்:

ஷேடு 10: 0.014 விழுக்காடு. வரம்பைவிட நான்கு மடங்குக்கும் மேல்.
ஷேடு 11: 0.005 விழுக்காடு. இதுவும் வரம்புக்கு மேல்.
ஷேடு 12: 0.0019 விழுக்காடு. வரம்புக்குள், ஆனால் நம் ஊர் உச்சி வெயிலில் கண் கூசும்.
ஷேடு 13: 0.0007 விழுக்காடு. பெரும்பாலோருக்கு இதமானது.
ஷேடு 14: 0.00027 விழுக்காடு. நல்ல வெயிலுக்கு ஏற்றது. மேகமூட்டத்தில் சற்று மங்கல்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது 13 அல்லது 14. பட்டறைகளில் அன்றாடம் புழங்குவது 10, 11 என்பதால் கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று அதையே நீட்டக்கூடும். எண் பொறிக்காத கண்ணாடியை வாங்காதீர்கள். பட்டறையில் பொறி பட்டுக் குழி விழுந்த பழைய கண்ணாடி வேண்டாம். தீப்பொறி வரும்போது தானாகக் கறுக்கும் நவீன ஹெல்மெட்டும் வேண்டாம். அது கறுப்பதற்குள் கண் சூரியனைப் பார்த்துவிடும்.

செய்முறை 1: வெல்டிங் கண்ணாடியில் கைப்பார்வைச் சட்டம்

தேவையானவை: ஷேடு 13 அல்லது 14 கண்ணாடி ஒன்று (சுமார் 2 அங்குலத்துக்கு 4¼ அங்குலம்), பைண்டிங் அட்டை, கட்டர், இரும்பு ஸ்கேல், டபுள் சைடு டேப், கறுப்பு டேப், ஃபெவிகால்.

1. பைண்டிங் அட்டையில் 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரமுள்ள இரண்டு துண்டுகளை வெட்டுங்கள். முகம் முழுவதையும் மறைக்கும் இந்த அளவு, பக்கவாட்டில் வெயில் நுழையாமல் தடுக்கும்.

2. இரண்டு துண்டுகளிலும் ஒரே இடத்தில், கண்ணாடியைவிட நான்கு பக்கமும் 5 மி.மீ. சிறியதாக ஜன்னல் வெட்டுங்கள். இந்த அகலத்தில் பெரியவர்களின் இரண்டு கண்களும் அடங்கும்.

3. முதல் அட்டையின் ஜன்னல் விளிம்பைச் சுற்றி டபுள் சைடு டேப் ஒட்டி, அதன்மேல் கண்ணாடியைப் பதியுங்கள். கண்ணாடியின் தடிமனுக்குச் சமமாக, மீதி இடத்தில் அட்டைக் கீற்றுகளை ஒட்டி மட்டம் செய்யுங்கள்.

4. இரண்டாவது அட்டையை மேலே வைத்து ஃபெவிகாலால் ஒட்டி, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வையுங்கள். நான்கு ஓரங்களையும் கறுப்பு டேப்பால் சுற்றி மூடுங்கள்.

5. கீழ்ப்பக்கம் மூக்குக்கு இடம் விட்டு வளைவாக வெட்டுங்கள். ஒரு நாடாவைக் கோத்துவிட்டால் கழுத்தில் தொங்கும். தரையில் விழுந்து கண்ணாடி உடையாது.

வெல்டிங் கண்ணாடி வழியே சூரியன் பச்சையாகத் தெரியும். அது கண்ணாடியின் நிறம், குறை ஒன்றும் இல்லை. வெல்டிங் கண்ணாடியைத் தொலைநோக்கியில் பொருத்த வேண்டாம். அதன் பரப்பு அவ்வளவு துல்லியமாக இழைக்கப்படாததால் உருவம் கலங்கும்.

சிறு குழந்தைகளுக்கு வேறொரு வசதி செய்யலாம். காகிதத் தட்டு ஒன்றின் நடுவே துளை வெட்டி, கிரகணக் கண்ணாடியை அதில் ஒட்டிவிடுங்கள். முகத்தை முழுதாக மூடும் இந்தத் தட்டு இருந்தால், கண்ணாடியின் மேலாகவோ கீழாகவோ எட்டிப் பார்க்கும் ஆசை குழந்தைக்கு எழாது.

செய்முறை 2: தொலைநோக்கிக்கு முன்மூடி

தொலைநோக்கிக்கான வடிகட்டி எப்போதும் சூரியனை நோக்கிய முன்வாயில்தான் இருக்க வேண்டும். 60 மி.மீ. வில்லை, பகலில் 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிய கண்மணியைவிட நானூறு மடங்கு ஒளியைச் சேர்க்கும். அத்தனை ஒளியும் குவிந்து வெளியேறும் இடம் கண்ணருகே உள்ள வில்லை. பழைய மலிவுத் தொலைநோக்கிகளோடு அங்கே திருகி மாட்டும் சிறு “சன் ஃபில்டர்” வருவதுண்டு. அந்த வெப்பத்தில் அது சட்டென்று விரிசல் விடும். விரிசல் விடும் நொடியில் கண் அங்கேதான் இருக்கும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் இன்றே உடைத்துப் போடுங்கள். கிரகணக் கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு பைனாகுலரிலோ தொலைநோக்கியிலோ பார்ப்பதும் இதே காரணத்தால் கூடாது. குவிந்த ஒளி படலத்தைப் பொசுக்கிக் கண்ணுக்குள் போய்விடும்.

தேவையானவை: அடர்த்தி 5 சூரியப் படலம், பைண்டிங் அட்டை, சார்ட் அட்டை, வெல்வெட் தாள் அல்லது மெல்லிய ஃபெல்ட் துணி, டபுள் சைடு டேப், ஃபெவிகால், டிஷ்யூ தாள்.

1. குழாயின் முன்வாய்ச் சுற்றளவை நூலால் அளக்கவும். வெளிவிட்டம் 90 மி.மீ. என்றால் சுற்றளவு ஏறத்தாழ 283 மி.மீ. வரும்.

2. குழாயின்மேல் வெல்வெட் தாளை, வெல்வெட் பக்கம் குழாயைத் தொடும்படி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அதன்மேல் 6 செ.மீ. அகலச் சார்ட் கீற்றை ஃபெவிகால் தடவி நான்கைந்து சுற்றுகள் சுற்றுங்கள். காய்ந்ததும் கழற்றினால் உறுதியான கழுத்துப்பட்டி கிடைக்கும். குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அது நழுவக் கூடாது. நழுவினால் உள்ளே இன்னொரு வெல்வெட் கீற்று ஒட்டுங்கள்.

3. பைண்டிங் அட்டையில் இரண்டு வளையங்கள் வெட்டுங்கள். உள்விட்டம் தொலைநோக்கி வில்லையின் விட்டத்துக்குச் சமம்; வெளிவிட்டம் கழுத்துப்பட்டியைவிட 3 செ.மீ. அதிகம்.

4. மேசையைத் துடைத்து டிஷ்யூ தாளை விரித்து, அதன்மேல் படலத்தை வையுங்கள். ஓரங்களை மட்டுமே தொடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

5. ஒரு வளையத்தின் உள்விளிம்பைச் சுற்றி டபுள் சைடு டேப்பைச் சிறு சிறு துண்டுகளாக ஒட்டி, வளையத்தைப் படலத்தின்மேல் இறக்குங்கள். படலத்தை இழுத்து விறைப்பாக்க வேண்டாம். லேசான சுருக்கங்கள் உருவத்தைக் கெடுக்காது. இழுத்தால் பூச்சு விரிந்து மெலியும், உருவமும் சிதையும்.

6. இரண்டாவது வளையத்தை மறுபக்கம் ஒட்டி, வெளியே நீளும் படலத்தை வெட்டிவிடுங்கள்.

7. வளையத்தைக் கழுத்துப்பட்டியின் ஒரு முனையில் ஃபெவிகால் வைத்து ஒட்டுங்கள். சேருமிடத்தைச் சுற்றிலும் உள்ளும் புறமும் காகிதக் கீற்றுகள் ஒட்டி, ஒரு நாள் முழுதும் காயவிடுங்கள்.

8. பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் மூடியை மாட்டியபின் மூன்று இடங்களில் டேப் போட்டுக் குழாயோடு பிணைத்துவிடுங்கள். மாடிக் காற்றுக்கும் குழந்தைகளின் கைக்கும் இந்த டேப்தான் தடை.

பைனாகுலருக்கும் இதே முறைதான். இரண்டு வாய்களுக்கும் தனித்தனி மூடி வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் மறுவாயைக் கறுப்பு அட்டையால் அடைத்துவிடுங்கள்.

தொலைநோக்கியின் முதுகில் இருக்கும் சிறு தேடுகுழலை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அதுவும் ஒரு தொலைநோக்கியே. கழற்றி வைத்துவிடுங்கள், அல்லது இருமுனையும் அடைத்துவிடுங்கள். சூரியனை நோக்கித் திருப்பத் தேடுகுழல் தேவையில்லை. தரையில் விழும் குழாயின் நிழலைப் பாருங்கள். நிழல் மிகச் சிறிதாகி வட்டமாகும்போது குழாய் சூரியனை நேராக நோக்கியிருக்கும்.

பார்க்கும் முன் சோதனை

செய்து முடித்த வடிகட்டியையும், பெட்டியிலிருந்து எடுத்த பழைய வடிகட்டியையும் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும்.

இருட்டறையில் கைபேசி டார்ச்சை எரியவிட்டு, அதன் முன்னே வடிகட்டியைப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். விளக்கு மிக மங்கிய புள்ளியாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஊசிமுனை போன்ற பிரகாசமான துளைகள், கீறல்கள், மடிப்புக் கோடுகள் தெரிந்தால் அந்தப் படலம் வேண்டாம். அட்டை சேரும் இடங்களில் ஒளி கசிகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, வடிகட்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பகலில் அறையைச் சுற்றிப் பாருங்கள். மேசை, நாற்காலி, ஜன்னல் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் அது சூரியனுக்கான வடிகட்டி இல்லை.

மூன்றாவது, அகச்சிவப்புச் சோதனை. டி.வி. ரிமோட்டின் முனையைக் கைபேசியின் முன்கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான கைபேசிகளில் ஊதா நிற ஒளி மின்னும். இடையில் ஒரு கலர் ஃபிலிம் துண்டை வையுங்கள். கறுப்பாகத் தெரியும் ஃபிலிம் வழியே ரிமோட் பளிச்சென்று மின்னுவதைக் காண்பீர்கள். ஏன் வீட்டுச் சரக்கை நம்பக் கூடாது என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட நேரடியான சோதனை இல்லை. ஆனால் இதை ஒருபக்கமாகவே பயன்படுத்துங்கள். மின்னினால் அந்தப் பொருள் ஆபத்து. மின்னாவிட்டால் பாதுகாப்பு என்று பொருளில்லை. அதைச் சொல்ல ஆய்வகக் கருவி வேண்டும். படலத்தை வாங்கத்தான் வேண்டும் என்று முதலிலேயே சொன்னது இதனால்தான்.

கடைசியாகச் சூரியன். ஒரு நொடி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புங்கள். வட்டம் கூர்மையாகவும் இதமாகவும், சுற்றிலும் இருட்டாகவும் இருக்க வேண்டும். கண் கூசினாலோ, பார்த்தபின் கண்முன் பொட்டு மிதந்தாலோ அந்த வடிகட்டியைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம்.

பார்க்கும் ஒழுங்கு

தலையைக் குனிந்து வடிகட்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பிறகு நிமிருங்கள். முடித்ததும் முதலில் முகத்தைத் திருப்பி, பிறகு வடிகட்டியை எடுங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதன்மேலேயே கிரகணக் கண்ணாடியை அணியலாம். நல்ல வடிகட்டியிலும் சிறிது நேரம் பார்த்துவிட்டு இடைவெளி விடுவது கண்ணுக்கு இதம். தொலைநோக்கியைச் சூரியனை நோக்கி வைத்துவிட்டு, “தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்” என்று நகராதீர்கள். போகத்தான் வேண்டுமென்றால் குழாயைத் தரைக்குத் திருப்பிவிட்டுப் போங்கள்.

கிரகண நாளில் ஒரு தவறான கணக்கு பலரை ஏமாற்றும். சூரியனின் பெரும்பகுதி மறைந்துவிட்டதே, ஒளி குறைந்துவிட்டதே என்று கண்ணாடியைக் கழற்றுவார்கள். மறையாமல் எஞ்சியிருக்கும் கீற்றின் ஒவ்வொரு பகுதியும் முழுச் சூரியனின் அதே பிரகாசத்தோடுதான் இருக்கும். அது விழித்திரையில் விழும் இடத்தில் சேதம் அதேதான். சூழல் இருண்டிருப்பதால் கண்மணியும் விரிந்திருக்கும், கூச்சமும் குறையும். ஆகையால் இன்னும் நீண்ட நேரம் பார்க்கத் தோன்றும். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில் தெரிந்ததுபோன்ற வளையக் கிரகணத்தில் ஒரு நொடிகூட வடிகட்டியைக் கழற்ற இடமில்லை. முழுக் கிரகணத்தில், சூரிய வட்டம் முற்றிலும் மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் வெறும் கண்ணால் பார்க்கலாம். முதல் ஒளிப்பொட்டு மீண்டும் எட்டிப் பார்த்ததும் வடிகட்டி கண்ணுக்கு வந்துவிட வேண்டும்.

படலம் கிடைக்காவிட்டால்

நாளை கிரகணம், இன்று படலம் இல்லை என்ற நிலை வந்தால் எக்ஸ்ரே படத்தைத் தேட வேண்டாம். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று அதன் உருவத்தைப் பார்க்கலாம். கைக்கு அருகில் இருப்பது இடியாப்ப அச்சு. அதை வெயிலில் பிடித்து, நிழல் வெள்ளைத் தாளில் விழும்படி ஒரு மீட்டர் தூரத்தில் வையுங்கள். ஒவ்வொரு துளையும் 9 மி.மீ. அகலச் சூரியனை வரையும். கிரகணத்தின்போது அத்தனையும் பிறைகளாகும். பூந்திக் கரண்டியின் துளைகள் பெரியவை என்பதால் அதற்கு இரண்டு, மூன்று மீட்டர் தூரம் வேண்டும்.

கூட்டமாகப் பார்க்கக் கண்ணாடித் துண்டு நல்லது. சிறு முகக் கண்ணாடியைத் தாளால் மூடி, நடுவில் 5 மி.மீ. துளை மட்டும் விடுங்கள். வெயிலில் வைத்து, பத்து மீட்டர் தள்ளி இருட்டாக உள்ள வகுப்பறைச் சுவரில் ஒளியை விழச் செய்தால் 9 செ.மீ. அகலச் சூரியன் அங்கே தெரியும். ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் பார்க்கலாம். சுவரை மட்டும் பார்க்க வேண்டும், கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

கிரகணம் இல்லாத நாளில் என்ன பார்ப்பது?

வடிகட்டி செய்ததும் கிரகணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். சூரியப் புள்ளிகள் இருக்கின்றன. சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்த, காந்தப்புலம் மிகுந்த இடங்கள் இவை. ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறையும். 2024 மே மாதத்தில் தோன்றிய ஒரு புள்ளிக் கூட்டம் பூமியைப்போல் பதினைந்து மடங்கு அகலம் கொண்டிருந்தது. தொலைநோக்கியே இல்லாமல் வடிகட்டி வழியே அதைப் பார்த்தார்கள்.

நோட்டில் 10 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைந்து, தினமும் ஒரே நேரத்தில் புள்ளிகளைக் குறியுங்கள். அந்த அளவில் பூமி ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு புள்ளி சூரியனின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குப் போக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். சூரியன் தன்னைத்தானே சுற்றுவது உங்கள் நோட்டிலேயே தெரியும். 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் இப்படித்தான் தொடர்ந்து சூரியனைப் பதிவுசெய்து வந்திருக்கிறது. புள்ளிகளுக்குள் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததும் அங்கேதான்.

பத்திரப்படுத்துதல்

படலத்தைத் தண்ணீராலோ ஸ்பிரிட்டாலோ துணியாலோ துடைக்காதீர்கள். தூசியை ரப்பர் ஊதியால் ஊதிவிட்டால் போதும். கண்ணாடியை வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, மூடியைக் கடினமான டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். டப்பாவின்மேல் “சூரியனுக்கு மட்டும், அடர்த்தி 5” என்று பெரிதாக எழுதி, தேதியும் போடுங்கள்.

2027 ஆகஸ்ட் 2 அன்று இந்தியாவின் பல பகுதிகளில் மாலையில் பகுதிக் கிரகணம் தெரியும். 2031 மே 21 அன்று வளையக் கிரகணத்தின் பாதை கேரளம், தென் தமிழ்நாடு, வட இலங்கை வழியே செல்கிறது. கிரகணம் நெருங்கும்போது நல்ல படலம் கிடைப்பது அரிதாகும், போலிகள் பெருகும். எனவே படலத்தை முன்கூட்டியே வாங்கி, இப்போதே சட்டத்தைச் செய்து வையுங்கள். அன்று காலையில் டார்ச்சைப் பிடித்துச் சோதியுங்கள். ஒரு ஊசித்துளை கண்ணில் பட்டாலும் யோசிக்காமல் வெட்டிக் குப்பையில் போடுங்கள். படலத்தைத் திரும்ப வாங்கலாம், விழித்திரையை வாங்க முடியாது.